கல்வாசலில் ஏழு அடி

கள்ளக்குறிச்சி,
6-7-1987.

அன்புள்ள பெருமாயி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் வீரமுத்து. இங்கே கடைவீதியில் ஓர் அச்சகத்தில் பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறேன். மிச்ச நேரத்தில் பாக்கெட் நாவல் எழுதுகிறேன். இதுவரை பதினொன்று. பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கும். இங்கே வாங்கினால் மூங்கில்துறைப்பட்டு போய் இறங்குவதற்குள் படித்து முடித்துவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி மாதம் உங்கள் வெள்ளிமலைப் பக்கம் 'கல்வாசல் கன்னி' என்று ஒரு விஞ்ஞானப் படம் எடுத்தார்கள் அல்லவா? நூறு வருஷம் கழித்து உலகத்தில் தண்ணீர் வற்றிப்போகிறது. மலைமேல் ஒரு கல்வாசல் வழியாக மின்மதி என்பவள் வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறாள். ஊற்றுக்கண்களைத் திறந்துவிட்டு அதே வாசல் வழியாகப் போய்விடுகிறாள். தீபாவளிக்கு ரிலீஸ். படத்தோடு சேர்த்து விற்பதற்காக, மின்மதி இங்கே வருவதற்கு முன்னால் யார், எப்படி வளர்ந்தாள் என்று ஒரு நாவல் எழுதித் தரச் சொல்லி கம்பெனிக்காரர்கள் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.

அவர்கள் கொடுத்தது நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பன்னிரண்டு போட்டோவும். நாலு நாளாகப் போட்டோக்களை மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தில் நடிகையின் முகம். ஏழில் வெறும் முதுகு. இரண்டும் ஒரே ஆள் இல்லை. நடிகை காற்றுக்குத் தோளைக் குறுக்கிக்கொள்கிறார். முதுகு காட்டுகிறவள், பாதிப் பாதம் பாறைக்கு வெளியே இருக்க, தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல நிற்கிறாள். அந்த முதுகைப் பார்த்தபிறகு முகத்தை வைத்து எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை.

மேக்கப்காரரைக் கேட்டேன். "அது ஸ்கூல் ஆஸ்டல்ல சமைக்கிற பெருமாயிங்க. நடிகைக்குத் தல சுத்துதுன்னு அதை ஏத்திவுட்டாங்க" என்றார். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். அங்கே நிற்கும்போது என்ன நினைத்துக்கொண்டீர்கள்? மின்மதிக்கு அம்மா உண்டா? நோட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீரமுத்து.


வெள்ளிமலை,
15-7-1987.

வீரமுத்து சாருக்குப் பெருமாயி எழுதுவது.

கடுதாசி வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், உங்கள் தொழில்தானே அது.

மின்மதியை எனக்குத் தெரியாது. பளபளவென்று ஒரு துணியைக் கட்டிவிட்டு, மூஞ்சியைத் திருப்பாதே என்றார்கள். திருப்பவில்லை. பாறையில் நின்றபோது அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்த ஞாபகம்தான். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கல்வாசல் அட்டையில் செய்தது இல்லை. அது குள்ளர் வீடு. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், முன்னால் ஆள் குனிந்து போகிற ஓட்டை. முதலில் அதற்குள் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். மழைக்கு ஒதுங்க மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் அதில் நுழைவார்கள். கேமராக்காரர் கும்பிட்டுக் கேட்டார், போனேன். போனவள் முறைப்படி திரும்பி வந்தேன். வாசலுக்கு முதுகு காட்டாமல், அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏழு அடி. கையில் சாமை. நிலைக்கல் ஓரத்தில் அதைப் போட்டுவிட்டு வந்தேன்.

கூட்டம் சேருகிறது என்று கயிறு கட்டி ஊரை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அதனால் நான் எப்படி வந்தேன் என்று பார்த்தவர்கள் சினிமாக்காரர்கள் மட்டும்தான். இப்போது ஆடி பிறக்கப்போகிறது, ஒரு தூறல் இல்லை. ஊரில் பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

பெருமாயி.


கள்ளக்குறிச்சி,
28-7-1987.

அன்புள்ள பெருமாயி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று வாரமாக வேற்றுக் கிரகம் எப்படி இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவன் நான். சிவப்பு மணல், இரட்டை நிலா, கண்ணாடிக் கோபுரம் என்று முதல் அத்தியாயத்தில் கொட்டிவைத்திருந்தேன். நீங்கள் போகிற போக்கில் ஒரு வாசலைச் சொல்லிவிட்டீர்கள். மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். அச்சகத்து முதலாளி, தாள் வீணாகிறது என்று முறைத்தார்.

குள்ளர் என்றால் யார்? ஏன் முதுகு காட்டக்கூடாது? ஏன் சாமை? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். நான் கதை பண்ணுகிறவன்தான். ஆனால் இதை நானாகப் பண்ண எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஊர்ப்பேச்சை மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். மழை இங்கேயும்தான் இல்லை. எங்கள் கரும்பு முழங்கால் உயரத்தில் நிற்கிறது. நாங்கள் யாரும் எந்தக் கல்வீட்டுக்குள்ளும் போகவில்லையே.

வீரமுத்து.


வெள்ளிமலை,
9-8-1987.

சாருக்கு,

மனசில் போட்டுக்கொள்ளாதே என்று கீழே இருந்து எழுதுவது சுலபம்.

குள்ளர் என்பவர்கள் எங்களுக்கு முன்னால் இந்த மலையில் இருந்த சனம். முழங்கை உயரம், ஆனால் நாற்பது பேர் தூக்கமுடியாத கல்லைத் தூக்குவார்கள். வானத்திலிருந்து நெருப்பு மழை வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கல்லால் வீடு கட்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். நெருப்பு பெய்தது. கல் தாங்கியது. உள்ளே இருந்தவர்கள் தாங்கவில்லை. வைத்திருந்த தானியமும் அவர்களோடு கருகிவிட்டது.

அதனால் அந்த வீட்டுக்குள் ஒதுங்குகிறவன் வெளியே வரும்போது ஒரு கை தானியம் போட்டுவிட்டு வரவேண்டும். இடம் கொடுத்தவர்களுக்கு முதுகு காட்டக்கூடாது. அங்கே கிடக்கிற தானியத்தில் ஒரு மணியைக்கூட யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் வானம் மூடிக்கொள்ளும். ஏழு வயதில் எங்கள் அம்மா எனக்கு இதைச் சொல்லவில்லை, செய்து காட்டினாள். அடுத்த வருஷம் அவள் செத்துப்போனாள்.

நாலு நாள் முன்னால் ஆடித் திருவிழாவில் எல்லாருக்கும் பொங்கச்சோறு கொடுத்தார்கள். என் இலைக்கு வரவில்லை. ஊர்க்கவுண்டர் சடையன் நேராகவே கேட்டார். "நீ போட்டியா, எடுத்தியா? பாத்தவன் ஆரு?" என்றார். போட்டேன் என்றேன். "சினிமாவுல வரும்ல, பாத்துக்கலாம். தீவாளிக்கு ரெண்டு ஜீப்பு போட்டுக்கினு போறோம். எடுத்திருந்தியானா ஊரு உன்னத் தள்ளி வச்சிரும். ஆஸ்டல் அடுப்புப் பக்கமும் நீ போவ முடியாது" என்றார்.

பார்க்கட்டும். எனக்குப் பயமில்லை. படத்தில் நான் போடுவது நன்றாகத் தெரியும் அல்லவா?

பெருமாயி.


சென்னை,
26-8-1987.

அன்புள்ள பெருமாயி,

லாட்ஜ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை கம்பெனிக்காரர்கள் எனக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள்.

மற்றதெல்லாம் கிடக்கட்டும், அட்டை ராக்கெட்டும் தகர ஹெல்மெட்டும்தான். கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். வேலை முடிந்து மின்மதி கல்வாசலை நோக்கிப் போகிறாள். நீங்கள்தான். முதுகு மட்டும். மெல்ல ஒவ்வோர் அடியாக. வாசல் அருகே வலது கையைப் பக்கத்தில் நீட்டுகிறீர்கள். தரையில் கிடந்த தானியம் தானாக எழும்புகிறது, பெருமாயி. ஒவ்வொரு மணியாக மண்ணை விட்டு மேலே வந்து, வெயிலில் மினுங்கி, உங்கள் உள்ளங்கைக்குள் போய் உட்காருகிறது. கை மூடுகிறது. குனிந்து உள்ளே போய்விடுகிறீர்கள். அவ்வளவுதான் படம்.

அங்கே எட்டு பேர் இருந்தோம். எல்லாரும் சினிமாவிலேயே ஊறியவர்கள். நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. மண் ஒருத்திக்கு அப்படிக் கீழ்ப்படியுமா?

இதை எப்படிச் செய்தீர்கள்? நாவலில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் வைக்கப்போகிறேன்.

வீரமுத்து.


வெள்ளிமலை,
3-9-1987.

சாருக்கு,

உங்கள் கடுதாசியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் போட்டேன். என் கையால் போட்டேன். மேலே எழும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வந்தேன். ஏழு அடி பின்பக்கமாக வந்தேன். என் கால் மறக்குமா?

அந்தப் படத்தில் நான் குள்ளர் தானியத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். உங்களுக்கு அது அதிசயம். எங்கள் ஊர் அதைப் பார்த்தால் அதற்குப்பிறகு நான் என்ன சொன்னாலும் நிற்காது. இரண்டு ஜீப் நிறைய ஆள் வருகிறார்கள். அவர்கள் தங்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

நாவலில் எத்தனை அத்தியாயம் வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் போட்டது எப்படி மேலே வந்தது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நான் பொய் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்போல இருக்கிறது.

பெருமாயி.


கள்ளக்குறிச்சி,
12-9-1987.

தங்கச்சி பெருமாயிக்கு,

நீ பொய் சொல்லவில்லை. படம்தான் பொய் சொல்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்கே சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருக்கும் கந்தசாமியிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார். "அட போய்யா, ரிவர்ஸ் போட்டுக்கிறாங்க. எடுத்தத பின்னாலேர்ந்து பிரிண்ட் பண்ணா, வரது போவுற மாதிரி இருக்கும், வுழுறது ஏர்ற மாதிரி இருக்கும்" என்றார். நீ வெளியே வந்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள். முகம் தெரியாமல் பின்பக்கமாக வந்தது அவர்களுக்குத் தோதாகப் போய்விட்டது. நீ வரும் காட்சியையே திருப்பிப் போட்டு, போகும் காட்சியாக்கிவிட்டார்கள். எழுத்து எழுத்தாகப் பிழை பார்க்கிறவன் நான். கண்முன்னே இவ்வளவு பெரிய பிழை ஓடியது, அதைப் பார்த்து அழுதேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

காட்சியை மாற்றச் சொல்லி கம்பெனிக்கு எழுதினேன். படம் ஓடப்போவதே அதற்காகத்தான் என்று பதில் வந்தது. உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். ஆனால் தீபாவளி வரைக்கும் எனக்கு அவகாசம் கொடு, ஏதாவது வழி பண்ணுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு 17-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்கிறார்கள். என் தம்பி இளவரசன் பி.காம். முடித்து நாலு வருஷமாகக் கரும்பு வெட்டுகிறான். அவனும் கிளம்பிவிட்டான். தபால் நின்றாலும் நிற்கும். நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

வீரமுத்து.


வெள்ளிமலை,
30-9-1987.

அண்ணனுக்கு,

உங்கள் கடுதாசி நேற்றுத்தான் கையில் கிடைத்தது. பதினேழு நாள். அதுவரை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

மலைப்பாதையில் ஒரு வாரம் பஸ் சத்தமே இல்லை. ஆஸ்டலுக்கு அரிசி லாரி வரவில்லை. நாலாம் நாள் அரிசி தீர்ந்துவிட்டது. நாற்பத்திரண்டு பிள்ளைகள். என் வீட்டுக் குதிரிலிருந்த பழைய சாமையை எடுத்துவந்து பொங்கினேன். ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்து, இவள் கைச் சாமையைச் சாப்பிடாதே என்று தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். சடையன் பேத்தி மட்டும் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்றதெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு நான் அடுப்படியில் போய் அழுதேன்.

உங்கள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாரா?

திருப்பிப் போட்டால் வருவது போவதாகும் என்று சொன்னீர்கள். அப்படியானால் இன்னொரு தடவை திருப்பிப் போட்டால்?

பெருமாயி.


கள்ளக்குறிச்சி,
6-10-1987.

தங்கச்சிக்கு,

நீ எட்டாவதோடு நிறுத்தியிருக்கக் கூடாது.

இளவரசன் வந்துவிட்டான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், தொண்டையில் குரல் இல்லை. ரோட்டோரப் புளியமரங்கள் இன்னும் வெட்டிப் போட்டபடி கிடக்கின்றன. அவற்றை வளைத்து வளைத்துச் சைக்கிள் விட்டுத்தான் கொட்டகைக்குப் போனேன். உன் கேள்வியை அப்படியே கந்தசாமியிடம் வாசித்துக் காட்டினேன். அப்புறம் ஒரு பழைய கதை சொன்னார். ஒருநாள் கடைசி ரீலைச் சுற்றிவைக்க மறந்து, வால் பக்கத்திலிருந்தே மாட்டிவிட்டாராம். படம் பின்னாலிருந்து முன்னால் ஓடியதாம். ஜனங்கள் சேரை உடைத்துவிட்டார்களாம்.

"வேணும்னே அத மாதிரி மாட்டலாம். ஆனா ஒண்ணு, படம் தலகீழா வுழும். ஆளு கால் மேல, தல கீழ. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் வேல போயிடும்" என்றார். பிறகு, "காலைல பத்து மணிக்கு இட்டாந்துரு" என்றார்.

24-ஆம் தேதி, சனிக்கிழமை. ஊர்க்கவுண்டர் மேட்னி பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கவேண்டும். வருவாரா, கேள்.

வீரமுத்து.


வெள்ளிமலை,
14-10-1987.

அண்ணனுக்கு,

கேட்டேன். சடையன் நெடுநேரம் வெற்றிலையை மென்றார். "இன்னா புள்ள, தலகீழா காட்டுவானாமா? எங்கள இன்னா வௌவாலுன்னு நெனச்சானா?" என்றார். பேத்தி மடியில் இருந்தாள். "சரி, வரோம். ஆனா நான் அடிய எண்ணுவேன். ஏழு இருக்கணும்" என்றார்.

இப்போது இங்கே மழை பெய்கிறது. சாமை கருகினபிறகு பெய்து என்ன? மழை வந்ததற்காக உன்னை விடமுடியாது என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஏழு அடியையும் அவர்கள் வைத்திருப்பார்களா, வெட்டியிருப்பார்களா?

பெருமாயி.


கள்ளக்குறிச்சி,
24-10-1987, மாலை.

தங்கச்சிக்கு,

என்ன நடந்தது? ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாமல் ஜீப் ஏறிவிட்டீர்களே.

நான் மேலே ஆபரேட்டர் ரூமில் கந்தசாமியோடு இருந்தேன். மெஷின் விளக்கில் கார்பன் எரிகிற புகையில் கண் எரிய, சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். திரை தெரிந்தது. கல்வாசல் வானத்தில் தொங்கியது. அதிலிருந்து நீ வந்தாய், கால் மேலேயும் தலை கீழேயுமாக, ஆனால் வந்தாய். கீழே பார்த்தால் பதினெட்டு பேரும் எழுந்து, சேரைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால் இடுக்கு வழியாகப் பார்க்கிறீர்கள். கந்தசாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சடையன் கவுண்டர், "இன்னொரு வாட்டி ஓட்டு" என்று கத்தினார். மூன்று தடவை ஓட்டினோம்.

நான் இறங்கி வருவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. கூட்டிப்பெருக்குகிற சின்னப்பொண்ணு வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாய்யா இது, வந்ததுங்க எல்லாம் பின்னாலயே நடந்து போவுதுங்க, நெலப்படி பூரா சாமய எறச்சிட்டுப் போயிருக்குதுங்க" என்றாள். அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டேன். அங்கேயே நின்றேன். மேட்னிக் கூட்டம் வரும்வரை அந்தச் சாமையை ஒருத்தரையும் மிதிக்கவிடவில்லை.

நாவலில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. மற்றதெல்லாம் அச்சாகிவிட்டது. மறியலில் தாள் வராமல் தீபாவளியும் போய்விட்டது, கம்பெனிக்காரர்கள் திட்டுகிறார்கள். மின்மதி உள்ளே போகிறாள் என்று எழுதச் சொல்கிறார்கள். நீ சொல்லாமல் எழுதமாட்டேன்.

வீரமுத்து.


வெள்ளிமலை,
29-10-1987.

அண்ணனுக்கு,

பேசாமல் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சடையன் எண்ணினார். முதல் தடவை ஆறு என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டாம் தடவை பாதி எண்ணும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் தடவை பேத்தியைக் குனியவைத்து எண்ணச் சொன்னார். "ஏழு" என்றாள். முதல் அடி ஓட்டைக்குள்ளேயே இருக்கிறது, அது உங்கள் எல்லார் கண்ணிலும் படவில்லை, அவள் கண்ணில் பட்டது. சாமை விழுந்ததைப் பதினெட்டு பேரும் பார்த்தார்கள். "போட்டுட்டுத்தான் வந்துக்கிறா" என்றார் சடையன். அவ்வளவுதான் தீர்ப்பு. நேற்று அவர் வீட்டில் என்னைக் கூப்பிட்டு இலை போட்டார்கள்.

கொட்டகை வாசலில் சாமை போட்டதும் அவர்தான். சாமையைச் சாட்சி வைத்து எனக்குத் தீர்ப்புச் சொல்ல மடியில் முடிந்து எடுத்துவந்திருந்தார். மேலே உங்கள் ஓட்டையிலிருந்து வந்த வெளிச்சத்தைக் காட்டி, "அது நெருப்பு. அந்த நெருப்புக்குள்ளயும் ஒரு சனம் இருக்குது. நமக்கு எடம் குடுத்துச்சு. முதுகக் காட்டாம வாங்க" என்றார். எல்லாரும் பின்பக்கமாகவே இறங்கினோம். ஏழு அடி.

அண்ணா, இன்னொன்று. இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

யாருக்கும் தன் முதுகு தெரியாது. நானும் பார்த்ததில்லை. எங்கள் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அவள் முகம் எனக்கு மறந்து இருபது வருஷமாகிறது. விறகுக்குப் போகும்போது அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால். அதனால் முதுகு மட்டும் மறக்கவில்லை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அன்றைக்குக் குனிந்து பார்த்தேன். திரையில் இருந்தது நான் இல்லை. அதே தோள். எங்கள் அம்மா அந்தக் கல்வாசலிலிருந்து பின்பக்கமாக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

முதல் கடுதாசியில் மின்மதிக்கு அம்மா உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது என்று எழுதினேன். உண்டு, அண்ணா. கடைசிப் பக்கத்தில் அவளை உள்ளே அனுப்பாதீர்கள். இன்னும் ஓர் அடி பாக்கி வைத்து, வந்துகொண்டிருப்பதாகவே விட்டுவிடுங்கள்.

பெருமாயி.